ஒரே பெல்ட்டில் ஓடும் நீரும் மின்சாரமும்: பழைய காரைப் பேணுவோருக்கு

இந்தியச் சாலைகளில் ஒரு தலைமுறையின் அடையாளமாக விளங்கிய இரண்டு கார்கள் 2014ஆம் ஆண்டில் அடுத்தடுத்து விடைபெற்றன. 1983 டிசம்பரில் குர்காவ் தொழிற்சாலையிலிருந்து வெளிவரத் தொடங்கிய மாருதி 800இன் உற்பத்தி அவ்வாண்டு ஜனவரியில் முடிவுக்கு வந்தது. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் உருவான அம்பாசடர் மே மாதத்தில் நின்றது. மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சியாக நாடறிந்த பிரீமியர் பத்மினியின் உற்பத்தி அதற்கும் வெகு முன்னரே நின்றுவிட்டது. எஞ்சியிருந்த பத்மினி டாக்சிகளும் 20 ஆண்டு வயது வரம்பை எட்டி, 2023 அக்டோபரில் அந்நகரின் சாலைகளை விட்டு அகன்றன.

ஆனால், வீட்டு வாசலில் நிற்கும் சொந்த வண்டிகளின் கதை வேறு. கடன் தவணை முடிந்து பல ஆண்டுகள் ஆன பின்னும், வாரத்தில் மூன்று நாள் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் உறவினர் வீட்டுக்கும் சென்று வரும் மாருதி 800, ஜென், எஸ்டீம், சான்ட்ரோ, இண்டிகா போன்ற கார்கள் இன்னும் பல குடும்பங்களுக்குப் பயன் தருகின்றன. அவற்றின் உரிமையாளர்களுள் ஓய்வூதியம் பெறுவோர் பலர். புதுக் கார் வாங்க இயலாமை மட்டுமே அதற்குக் காரணமன்று; மாதத்துக்கு முந்நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு மீண்டும் ஐந்தாண்டுத் தவணை எதற்கு என்ற கணக்கும் அதில் உண்டு. அக்கணக்கு சரியானதுதான், வண்டி நடுவழியில் நிற்காத வரையில்.

நடுவழியில் நிற்கும் பழைய கார்களைக் கவனித்தால், இரண்டு குறைகள் திரும்பத் திரும்பத் தென்படும். ஒன்று, கூலன்ட் கசிந்து என்ஜின் கொதிப்பது. மற்றொன்று, பேட்டரிக்கு மின்னேற்றம் கிடைக்காமல் வண்டி உயிரற்றுப் போவது. இவ்விரண்டையும் தனித்தனி நோய்களாகவே நாம் கருதப் பழகியிருக்கிறோம். முன்னதற்கு ரேடியேட்டர் பட்டறை, பின்னதற்கு ஆட்டோ எலக்ட்ரீஷியன் என்று தொழிலே இரண்டாகப் பிரிந்திருக்கிறது. இருவரும் தத்தம் வேலையில் வல்லவர்களாக இருக்கலாம். வண்டிக்குள் அத்தகைய பிரிவினை எதுவும் இல்லை என்பதுதான் சிக்கல்.

ஒரு பெல்ட்டின் இரட்டைப் பொறுப்பு

அம்பாசடரிலும் பத்மினியிலும் என்ஜினின் முன்புறம் ஓடும் ஒரே ரப்பர் பெல்ட், ரேடியேட்டர் விசிறியையும் வாட்டர் பம்பையும் டைனமோவையும் சேர்த்தே சுழற்றியது. பின்னாளைய வண்டிகளில் டைனமோவின் இடத்தை ஆல்டர்னேட்டர் பிடித்தது. மாருதி 800இல் விசிறி மட்டும் தனி மின்மோட்டாருக்கு மாறியது. வாட்டர் பம்பும் ஆல்டர்னேட்டரும் ஒரே பெல்ட்டில் இணைந்தே நின்றன. சில கார்களில் வாட்டர் பம்பை டைமிங் பெல்ட் ஓட்டும். உங்கள் கார் எந்த வகை என்பதை வண்டியின் கையேட்டிலோ மெக்கானிக்கிடமோ ஒரு முறை கேட்டறிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஏனெனில், டேஷ்போர்டில் எரியும் சிவப்பு பேட்டரி விளக்கின் பொருள் அதைப் பொறுத்தே மாறுகிறது.

ஓடும்போது அந்த விளக்கு எரிந்தால், பலரும் பேட்டரி தீர்ந்து போகும் முன் வீடு சேர்ந்துவிடலாம் என எண்ணி வேகத்தைக் கூட்டுகிறார்கள். ஆல்டர்னேட்டர் மட்டும் பழுதாகியிருந்தால் அது பெரும்பாலும் சாத்தியமே. பகல் நேரத்தில், விளக்குகளையும் ஏசியையும் அணைத்துவிட்டு, நல்ல பேட்டரியின் இருப்பைக் கொண்டே கணிசமான தூரம் செல்லலாம். ஆனால் அறுந்தது பெல்ட்டாக இருந்து, அதே பெல்ட் வாட்டர் பம்பையும் ஓட்டுவதாக இருந்தால், விளக்கு எரிந்த கணமே கூலன்ட்டின் சுழற்சியும் நின்றுவிட்டது என்று பொருள். அந்நிலையில் சில நிமிட ஓட்டமே அலுமினிய சிலிண்டர் ஹெட்டை வளைத்துவிடப் போதும். ஆதலால் சிவப்பு விளக்கு எரிந்தால் முதலில் வண்டியை ஓரங்கட்டி, என்ஜினை அணைத்து, பானெட்டைத் திறந்து பெல்ட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை. பெல்ட் இருந்தால் வீடு திரும்புவது பற்றி யோசிக்கலாம். இல்லையேல் இழுவை வண்டியை அழைப்பதே சிக்கனம்.

அறுபடாத பெல்ட்டும் தொல்லை தரும். இரு சக்கரங்களுக்கு நடுவே பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தணிய வேண்டும். அதைவிட மிகவும் தளர்ந்திருந்தால் பெல்ட் வழுக்கும். காலையில் வண்டியை எடுக்கும்போது கேட்கும் கீச்சொலி பெரும்பாலும் அதன் குரலே. கீச்சொலிக்கு அஞ்சி அளவுக்கு மீறி இறுக்கினால், வாட்டர் பம்பின் பேரிங்கும் ஆல்டர்னேட்டரின் பேரிங்கும் விரைவில் தேயும். தேய்ந்த பம்பிலிருந்து கூலன்ட் கசிந்து பெல்ட்டின் மேல் விழும், நனைந்த பெல்ட் மீண்டும் வழுக்கும், மின்னேற்றம் குறையும். இந்தச் சங்கிலியை அறியாதவர் ஆல்டர்னேட்டரை மாற்றிவிட்டு, ஒரு மாதத்தில் அதே குறையோடு திரும்பி வருவார்.

கசிவின் இடத்தைக் கண்டறிதல்

கூலன்ட் குறைகிறது என்றால் அது எங்கோ போகிறது. அடிக்கடி நீர் ஊற்றிச் சமாளிப்பது, ஓட்டைக் குடத்தை நிரப்பிக்கொண்டே இருப்பதற்கு ஒப்பாகும். அதிலும் ஒரு கூடுதல் தீமை உண்டு: ஊற்ற ஊற்ற, கூலன்ட்டில் கலந்துள்ள துருத் தடுப்பு மருந்து நீர்த்துப் போகிறது.

தேடலைக் குளிர்ந்த என்ஜினில் தொடங்க வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. இதைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். காரணத்தை அறிந்தால் மறக்கமாட்டீர்கள். ரேடியேட்டர் மூடி வெறும் மூடியன்று, அழுத்தத்தைக் காக்கும் வால்வு. பல கார்களில் அது சுமார் 0.9 பார் அழுத்தம் வரை தாங்கி நிற்கும். அந்த அழுத்தத்தில் சாதாரண நீரே ஏறக்குறைய 118 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். அதாவது, உள்ளே 105 டிகிரியில் அமைதியாக இருக்கும் திரவம், மூடியைத் திறந்ததும் அழுத்தம் நீங்கி ஒரே நொடியில் ஆவியாகப் பொங்கி முகத்தில் அடிக்கும். மறுபக்கம், மூடியின் ரப்பர் வளையம் இறுகி அழுத்தத்தை இழந்தால், கசிவே இல்லாத வண்டியும் கண்டாலா ஏற்றத்திலோ மே மாத நாகபுரி வெயிலிலோ கொதித்துவிடும். விலை குறைந்த இம்மூடியை முதலில் மாற்றிப் பார்ப்பது பல பெரிய செலவுகளைத் தவிர்க்கும்.

இரவில் வண்டியின் அடியில் வெளிர் நிற அட்டை ஒன்றை விரித்து வையுங்கள். காலையில் சொட்டு விழுந்த இடமும் நிறமும் பாதி விடையைச் சொல்லிவிடும். ஏசியிலிருந்து வடியும் நீர் நிறமற்றது. அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். பச்சையோ சிவப்போ நீலமோ கலந்து, விரலுக்கு வழவழப்பாக இருந்தால் அது கூலன்ட். அடுத்து ஹோஸ்களைக் கையால் அமுக்கிப் பாருங்கள். நல்ல ஹோஸ் உறுதியாகவும் நெகிழ்வாகவும் இருக்கும். கெட்டது ஒன்று களிபோல் நொளநொளக்கும், அல்லது காய்ந்து வெடித்திருக்கும். ஹோஸின் முனைகளில் வெண்மையாகவோ துரு நிறமாகவோ படிந்த பொருக்கு, கசிந்து உலர்ந்ததற்கான சான்று. அங்கே பெரும்பாலும் குற்றவாளி இறுக்கம் இழந்த கிளிப்தான். சில நூறு ரூபாயில் முடியும் வேலை அது.

வாட்டர் பம்பின் தண்டுக்குக் கீழே சிறு துளை ஒன்று இருக்கும். உள்ளிருக்கும் சீல் தேய்ந்துவிட்டது என்பதை அறிவிக்கவே தயாரிப்பாளர்கள் அத்துளையை வைத்திருக்கிறார்கள். அதில் சொட்டு கண்டு, கசிவை நிறுத்த அத்துளையையே எபாக்சி பசையால் அடைத்துவிடும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அபாய மணியின் நாக்கைக் கழற்றுவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. சீல் தேய்ந்த பம்பை மாற்றத்தான் வேண்டும்.

ரேடியேட்டரே கசிந்தால், அது எவ்வகை என்று பார்க்க வேண்டும். பழைய செம்பு-பித்தளை ரேடியேட்டரைத் தேர்ந்த பட்டறைக்காரர் ஈயப்பற்று வைத்து ஒட்டித் தருவார். பல ஆண்டுகள் உழைக்கும். அலுமினியக் கூட்டின் மேல் பிளாஸ்டிக் தொட்டி பொருத்திய பிற்கால ரேடியேட்டரில் அது நடவாது. பிளாஸ்டிக்கில் மயிரிழை விரிசல் விழுந்தால், பசை தற்காலிகமே. புதியது வாங்குவதே முடிவில் மலிவு.

வெளியே எங்கும் சொட்டு இல்லை, ஆனாலும் அளவு குறைகிறது என்றால் இரண்டு இடங்களை ஐயுற வேண்டும். ஒன்று, ஹீட்டருக்குள் இருக்கும் சிறு ரேடியேட்டர். முன் இருக்கையருகே தரைவிரிப்பு ஈரமாதல், உள்ளே இனிப்பு கலந்த வாடை, முன் கண்ணாடியில் துடைத்தாலும் போகாத பிசுபிசுப்பான பனிமூட்டம் ஆகியவை அதன் அடையாளங்கள். மற்றது ஹெட் கேஸ்கெட். புகைக்குழாயில் நீங்காத வெண்புகை, ரேடியேட்டர் வாயில் இடைவிடாத குமிழிகள், குளிர்ந்த என்ஜினை இயக்கிய ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுதல் ஆகியன அதைச் சுட்டும். எண்ணெய் மூடியின் அடியில் பாலேடு போன்ற படிவு கண்டால் பலர் உடனே கேஸ்கெட் போய்விட்டது என்று தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். டேராடூன், டெல்லி போன்ற ஊர்களின் குளிர்காலத்தில், தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் ஈரம் உறைந்து இப்படிவு தோன்றுவதுண்டு. ஒரு நீண்ட ஓட்டத்துக்குப் பின் துடைத்துவிட்டு மீண்டும் பார்ப்பது நல்லது. எண்ணெய் அளவுகோலிலும் அதே பால் நிறம் தெரிந்தால் மட்டும் வண்டியை இயக்காமல் நிறுத்துங்கள்.

ஐயம் நீடித்தால், அழுத்தச் சோதனை செய்யும் கைப்பம்பு உள்ள பட்டறைக்குச் செல்லுங்கள். ரேடியேட்டர் வாயில் அதைப் பொருத்தி, மூடியில் குறித்த அளவுக்கு அழுத்தம் ஏற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருப்பார்கள். முள் இறங்கினால் எங்கோ கசிவு உள்ளது. குளிர்ந்த என்ஜின் என்பதால் கையைச் சுட்டுக்கொள்ளாமல் அதைத் தேடலாம். இச்சோதனை செய்யாமலேயே ‘ரேடியேட்டரை மாற்றிப் பார்ப்போம்’ என்று சொல்லும் இடத்தில் பணப்பையை மூடிக்கொள்வது உசிதம்.

மஞ்சள் தூளும் கழற்றிய வால்வும்

கசியும் ரேடியேட்டரில் மஞ்சள் தூளைக் கொட்டுவது வட இந்திய நெடுஞ்சாலைகளில் லாரி ஓட்டுநர்கள் நெடுங்காலமாகக் கையாளும் உத்தி. தூள் நீரில் ஊறி, சிறு துளையில் சென்று அடைத்துக்கொள்ளும். அடுத்த ஊர் வரை சென்றடைய அது உதவும் என்பதை மறுக்க முடியாது. கடைகளில் விற்கும் கசிவடைப்பான் பொடிகளும் ஏறத்தாழ அதே தத்துவத்தில் செயல்படுபவையே. ஆனால் தூளுக்கு ஓட்டை எது, ஓடை எது என்று தெரியாது. ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் ஹீட்டரையும் அது சேர்த்தே அடைக்கும். ஊர் சேர்ந்ததும் முழுவதையும் கழுவி வெளியேற்றும் பொறுமை உள்ளவர் மட்டுமே அவ்வழியை நாடலாம்.

இதைவிடப் பரவலான தீமை, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. ‘நம் நாட்டு வெயிலுக்கு இந்த வால்வு வேண்டாம்’ என்ற வாதத்தைக் காஷ்மீரி கேட்டிலிருந்து பெங்களூரின் ஜே.சி. சாலை வரை கேட்கலாம். தெர்மோஸ்டாட், கூலன்ட் ஏறக்குறைய 82 முதல் 88 டிகிரிக்கு வரும்வரை அதை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுத்து, என்ஜின் விரைவில் உரிய வெப்பத்தை அடையச் செய்கிறது. அதை நீக்கினால் குறுகிய ஓட்டங்களில் என்ஜின் எப்போதும் குளிர்ந்தே இருக்கும், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், சிலிண்டர் தேயும். வால்வு இறுகி மூடிக்கொண்டதால் வண்டி கொதித்தது உண்மையானால், தீர்வு புதிய வால்வு. பழையதைச் சூடாகும் நீரில் போட்டு, அது திறக்கிறதா என்று அடுப்படியிலேயே சோதித்துவிடலாம்.

கூலன்ட் பற்றியும் ஒரு சொல். அதன் நிறத்துக்கென்று பொதுத் தரம் எதுவும் இல்லை. ஒரு நிறுவனத்தின் பச்சையும் மற்றொன்றின் பச்சையும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. ஆகவே நிறத்தைப் பார்த்து ஒன்றோடொன்றைக் கலக்காமல், கையேடு குறிப்பிடும் வகையை, ஐ.எஸ். 5759 முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். செறிவான கூலன்ட் என்றால் வடிநீருடன் சரிபாதி கலக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு, தேநீர்க் கெண்டிக்குள் படிவதுபோல் என்ஜினுக்குள்ளும் படியும். சரிபாதிக் கலவை ஏறக்குறைய மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. ஆகவே சிம்லாவுக்கோ ஸ்ரீநகருக்கோ குளிர்காலத்தில் செல்வோர், கசிவுக்காக வழியெல்லாம் ஊற்றிய வெறும் நீர் உறைந்து என்ஜினையே பிளந்துவிடும் அபாயத்தை நினைவில் கொள்ள வேண்டும். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைகால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. தரையில் சிந்தியதைத் தெருநாயும் குழந்தையும் நாடக்கூடும், உடனே கழுவிவிடுங்கள்.

மின்னேற்றத்தை அளந்து அறிதல்

கூலன்ட் கண்ணுக்குத் தெரியும்; மின்சாரம் தெரியாது. எனவே இங்கே ஊகத்துக்கு இடம் அதிகம், செலவும் அதிகம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் அந்த ஊகத்தைப் பெரிதும் ஒழித்துவிடும்.

இரவு முழுதும் ஓய்ந்திருந்த பேட்டரியின் இரு முனைகளில் அளந்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். அது முழு ஏற்றம். 12.4 என்றால் முக்கால், 12.0 என்றால் ஏறக்குறைய கால்வாசியே மீதி. பிறகு என்ஜினை இயக்கி, அதே இடத்தில் அளந்தால் சுமார் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். முகப்பு விளக்கையும் ஹீட்டர் விசிறியையும் போட்டுவிட்டு மீண்டும் அளவெடுங்கள். அப்போது 13 வோல்ட்டுக்கும் கீழே சரிந்தால் மின்னேற்றம் போதவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது; பேட்டரியின் நீர் அடிக்கடி வற்றுவதும் அதன் அறிகுறிதான்.

அளவு குறைந்தது என்பதால் ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிடக் கூடாது. பேட்டரி முனைகளில் வெண்பச்சைத் தூள் பூத்திருந்தால், எதிர்முனையை முதலில் கழற்றி, சமையல் சோடா கரைத்த நீரால் கழுவித் துடைத்து, வாசலின் தடவி மீண்டும் இறுக்குங்கள். பின்னர் பெல்ட்டைப் பாருங்கள். அடுத்து, சாவியைத் திருப்பியதும் என்ஜின் ஓடும் முன்பு சிவப்பு விளக்கு எரிகிறதா என்று கவனியுங்கள். பல பழைய ஆல்டர்னேட்டர்கள் விழித்தெழத் தேவையான முதல் மின்னோட்டம் அந்தச் சிறு பல்பின் வழியாகவே செல்கிறது. பல்பு உயிரிழந்திருந்தால், குறையற்ற ஆல்டர்னேட்டரும் உறங்கிக்கொண்டே இருக்கும். டேஷ்போர்டு பல்பின் விலைக்கும் ஆல்டர்னேட்டரின் விலைக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லத் தேவையில்லை.

இவையெல்லாம் சரியாக இருந்து, ஆல்டர்னேட்டரே குறையுடையது என்று உறுதியானாலும், முழுதாக மாற்றுவதற்கு முன் நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துப் பாருங்கள். தேய்வது பெரும்பாலும் கார்பன் பிரஷ், பேரிங், டயோடு தட்டு ஆகியவையே. மூன்றும் தனித்தனியே கிடைப்பவை. உதிரிபாகங்களுக்கு டெல்லியின் காஷ்மீரி கேட், கொல்கத்தாவின் மல்லிக் பஜார், சென்னையின் புதுப்பேட்டை போன்ற சந்தைகள் பெயர்பெற்றவை. ஆயினும் ரேடியேட்டர் மூடி, தெர்மோஸ்டாட், ரெகுலேட்டர் ஆகிய மூன்றில் மட்டும் போலிகளைத் தவிர்த்து, ரசீதுடன் தரமானவற்றை வாங்குங்கள்.

ஓடும் என்ஜினில் பேட்டரி முனையைக் கழற்றி, ‘என்ஜின் நிற்கவில்லை, ஆகவே சார்ஜ் ஆகிறது’ என்று காட்டும் பழைய சோதனையை இன்னும் சில மெக்கானிக்குகள் கைவிடவில்லை. அது டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்டர்னேட்டர் பூட்டிய வண்டியில் அவ்வாறு செய்தால் மின்னழுத்தம் திடீரென எகிறி டயோடுகளையும், மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி உள்ள கார்களில் அதையும் எரித்துவிடக்கூடும். உங்கள் முன்னிலையில் யாரேனும் அதற்கு முனைந்தால், மரியாதையாக ஆனால் உறுதியாகத் தடுத்துவிடுங்கள்.

காலையில் மட்டும் வண்டி எழவில்லை, பகலில் அளவெல்லாம் சரி என்றால், இரவில் மின்சாரம் எங்கோ ஒழுகுகிறது. எல்லாவற்றையும் அணைத்த பின் பேட்டரியிலிருந்து செல்லும் ஓட்டம் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். பின்னாளில் பொருத்திய ஸ்டீரியோ, சென்ட்ரல் லாக், ரிவர்ஸ் அலாரம் ஆகியவற்றின் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் ஒழுகும் இடம் வெளிப்படும்.

இரண்டு குறைகள், ஒரே வேர்

இத்தகைய ஒரு வண்டியை எண்ணிப் பாருங்கள். மின்விசிறி கொண்ட பழைய சிறு கார். காலையில் நன்றாக ஓடுகிறது. மாலை நெரிசலில், விளக்கு எரியும் நேரத்தில் மட்டும் கொதிக்கிறது. ரேடியேட்டர் பட்டறையில் கூட்டைக் கழுவுகிறார்கள். பின்னர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுகிறார்கள். அடுத்த மாதம் வாட்டர் பம்பை மாற்றுகிறார்கள். கொதிப்பு நிற்கவில்லை. மல்டிமீட்டரை வைத்த பின்தான் உண்மை வெளிப்படுகிறது: விளக்கைப் போட்டதும் மின்னழுத்தம் 12 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. வெளிச்சம் போதவில்லை என்று முன்பு ஒரு நாள் 55 வாட் பல்புகளை நீக்கிவிட்டு 90, 100 வாட் பல்புகளைப் பொருத்தியிருக்கிறார்கள். இரு விளக்குகளும் சேர்ந்து 16 ஆம்பியருக்கு மேல் உறிஞ்ச, தேய்ந்த பிரஷ் கொண்ட ஆல்டர்னேட்டரால் ஈடுகொடுக்க முடியவில்லை. விசிறி சுழல்கிறது, ஆனால் மந்தமாக. நெரிசலில் காற்றை இழுக்க அதைத் தவிர வேறு துணையும் இல்லை. கொதிப்பின் மருந்து கார்பன் பிரஷ்ஷிலும் பல்பிலும் இருந்தது.

இதன் மறுபக்கமும் உண்டு. என்ஜினையும் வண்டியின் உடலையும் பேட்டரியின் எதிர்முனையோடு இணைக்கும் எர்த் பட்டை துருப்பிடித்தால், திரும்பும் மின்னோட்டம் வேறு வழி தேடும். அவ்வழிகளுள் ஒன்று கூலன்ட். நீரினூடே ஓடும் அந்தச் சிறு மின்னோட்டம், அலுமினிய ரேடியேட்டரையும் ஹீட்டரையும் உள்ளிருந்து அரித்துத் துளையிடும். ரேடியேட்டரைப் புதிதாக மாற்றியும் ஓராண்டில் மீண்டும் ஊசித்துளை விழுகிறதென்றால் இதை ஐயுற வேண்டும். குளிர்ந்த என்ஜினில் மூடியைத் திறந்து, என்ஜினை இயக்கி, மீட்டரின் கறுப்புமுனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் சிவப்புமுனையை உலோகத்தைத் தொடாமல் கூலன்ட்டிலும் வையுங்கள். கூலன்ட் சூடேறும் முன் சோதனையை முடித்துவிடுங்கள். விளக்கு, விசிறி ஆகியவற்றைப் போடும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்புகளைத் தேய்த்துத் தூய்மையாக்குவதோ பட்டையை மாற்றுவதோ அவசியம். மீட்டர் அளவு மாறாவிட்டால், துருத் தடுப்பு தீர்ந்த பழைய கூலன்ட்டே காரணமாக இருக்கலாம். அதை வடித்துப் புதியது ஊற்றுங்கள்.

காப்பீடு எதை ஏற்காது

கொதித்துப் பழுதான என்ஜினுக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் தரும் என்று நம்புவோர் பலர். வழக்கமான மோட்டார் காப்பீட்டு ஒப்பந்தம் தேய்மானத்தையும், இயந்திர அல்லது மின் பழுதையும், விளைவாய் வரும் நட்டத்தையும் வெளிப்படையாகவே விலக்கி வைக்கிறது. மோதலில் ரேடியேட்டர் உடைந்தால்கூட, அதன்பின் கூலன்ட் இல்லாமல் வண்டியை ஓட்டியதால் என்ஜின் கெட்டது என்று அறியப்பட்டால் அப்பகுதிக்கான கோரிக்கை மறுக்கப்படலாம். என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பு பெரும்பாலும் புதிய வண்டிகளுக்கே கிடைக்கிறது. பழைய வண்டிக்குச் சட்டப்படி கட்டாயமான மூன்றாம் தரப்புக் காப்பீட்டோடு, இழுவை வண்டி உதவி தரும் சாலையோர உதவித் திட்டம் ஒன்றைச் சேர்த்துக்கொள்வது, ‘எப்படியாவது வீடு வரை ஓட்டிவிடுவோம்’ என்ற ஆபத்தான எண்ணத்துக்கு மாற்றாக அமையும்.

எப்போது நிறுத்துவது? ஹோஸ், கிளிப், மூடி, பெல்ட், பிரஷ், எர்த் பட்டை ஆகியவற்றைக் கொண்டு தீரும் குறையென்றால் தயங்காமல் பழுது நீக்கலாம். வாட்டர் பம்பும் ரேடியேட்டரும் கூட, ஒரு புதுக் காரின் ஒரு மாதத் தவணையோடு ஒப்பிட்டால் தாங்கக்கூடியவையே. ஹெட் கேஸ்கெட் மட்டும் வேறு வகை. ஹெட்டைக் கழற்றினால் அதைச் சமப்படுத்த வேண்டுமா, விரிசல் உள்ளதா என்பது திறந்த பின்தான் தெரியும். செலவு பல ஆயிரங்களாக விரியும். ஆதலால் வேலையை ஒப்படைக்கும் முன் மதிப்பீட்டை எழுத்தில் பெற்று, விரிசல் காணப்பட்டால் அத்துடன் நிறுத்திக் கேட்க வேண்டும் என்று சொல்லிவையுங்கள்.

அந்நேரத்தில் பதிவுச் சான்றின் தேதியையும் எடுத்துப் பாருங்கள். சொந்த கார்களின் பதிவு 15 ஆண்டுகளுக்கு. அதன்பின் தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். கார்களுக்கான அக்கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2025இல் மேலும் கூட்டப்பட்டது. டெல்லி தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் தொடர்பாக 2018 முதல் உச்ச நீதிமன்ற ஆணைகள் வந்தவண்ணம் உள்ளதால், அங்கு வாழ்வோர் அவ்வப்போதைய நிலையைப் போக்குவரத்துத் துறையிடம் கேட்டறிய வேண்டும். பதிவு முடிய ஆறு மாதமே இருக்கும் வண்டிக்கு ஹெட்டைத் திறப்பதும், நான்கு ஆண்டு மீதமுள்ள வண்டிக்குத் திறப்பதும் ஒரே கணக்கல்ல. பழைய கடன் முடிந்த பின்னும் பதிவுச் சான்றில் வங்கியின் பெயர் நீக்கப்படாமல் இருந்தால், தடையின்மைச் சான்றையும் படிவம் 35ஐயும் கிளையில் பெற்று, புதுப்பிக்கும் நாளுக்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அதை முடித்துவிடுங்கள்.